கூடுதலாக நான்கு நிமிடம்

ரீகா நகரத்தில் எந்தக் கதவுக்குப் பின்னால் கழிப்பறை இருக்கிறது
என்று என்னைக் கேளுங்கள்.
நூலகத்தில் உண்டு, பத்து மணிக்குத்தான் திறக்கும்.
சந்தையில் உண்டு, சில்லறை வேண்டும்.
பாலத்துக்கு இப்பால் பூக்கடை வெல்டா
சாவியை ஒரு ரப்பர் தவளையில் கோத்து வைத்திருக்கிறாள்.
நான் டிராமை நிறுத்தி இறங்கினால்
கார்னேஷன் கட்டும் கையை நிறுத்தாமல்
மறு கையால் தவளையை நீட்டுவாள்.
பாலத்தின்மேல் ஒன்றும் கிடையாது.
ஆறு மட்டும்.

கருப்பை வாயில் கட்டி.
இருபத்தெட்டு நாள் மல்லாந்து படுத்தேன்.
இடுப்பில் பச்சை குத்திய மூன்று புள்ளி, கடுகளவு,
அவற்றைக் குறிபார்த்து இறங்கியது கதிர்.
கட்டி செத்தது.
பின்னால் சுருண்டு கிடந்த குடல்
ஒரு தப்பும் செய்யவில்லை,
பக்கத்து வீட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

பக்க விளைவு என்று தாளில் அச்சடித்திருந்தார்கள்.
டாக்டர் ஓசோலின்ஷ் பேனாவால் அடிக்கோடிட்டார்.
அது மூன்று வருடத்துக்கு முன்பு.
நோய் காலி செய்துகொண்டு போய்விட்டது.
நான் அந்தப் பக்கத்தில் குடியேறிவிட்டேன்.

இங்கே கறுப்பு ரொட்டி கிடையாது,
முட்டைக்கோஸ் கிடையாது, பட்டாணி கிடையாது,
நடுக்கோடை இரவின் சீரகப் பாலாடைக்கட்டி கிடையாது.
குழைய வடித்த வெள்ளைச் சோறு உண்டு.
அதில் என்னம்மா ருசி என்கிறான் ரைவிஸ்.
ருசியை யார் கேட்டது?
உள்ளே போனது கொஞ்ச நேரம் உள்ளே இருக்கட்டும்.

பிப்ரவரியில் ஒரு காலை, ஆறு நாற்பது,
பாலத்தின் நட்டநடுவில்
தண்டவாளத்துக்குக் குறுக்கே ஒரு லாரி.
எனக்குப் பின்னால் அறுபது பேர்,
கம்பளிக் குல்லாயும் அரைத்தூக்கமுமாய்.
அவசர உணர்வு ஏற்படலாம் என்கிறது தாள்.
உணர்வு வருவதற்குள்
அவசரம் முடிந்துவிடும், அதை எழுதவில்லை.

எனக்கு நாற்பத்தாறு வயது.
சூடு முழங்கால்வரை இறங்கி
அங்கேயே ஆறியது.
லாரி நகர்ந்தது.
மணியடித்தேன், கைப்பிடியைத் தள்ளினேன்.
ஒன்பது நிறுத்தம். ஒன்பதிலும்
கதவைத் திறந்தேன், மூடினேன்.
யாரோ ஜன்னலைத் தள்ளினார்கள், பனி உள்ளே வந்தது.
நாய் ஏறியிருக்கு, என்றான் ஒரு பையன்.
அவன் அம்மா அவனைப் பார்க்கவில்லை,
என்னையும் பார்க்கவில்லை,
முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.
அவள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

கடைசி நிறுத்தத்தில் மெக்கானிக் குன்டார்ஸ்
ஒரு வார்த்தை கேட்கவில்லை.
கிரீஸ் படிந்த மாற்றுக் கால்சட்டையைக்
கதவிடுக்கில் நீட்டினான்,
முகத்தைப் பனிப்பக்கம் திருப்பியபடி.
இடுப்பில் நான்கு விரல் தொளதொளத்தது.
கம்பித்துண்டால் முடிந்துகொண்டேன்.

டெப்போவில் மனு கொடுத்தேன்.
காரணம் என்ற கட்டத்தில் "குடல்" என்று எழுதினேன்.
மேலாளர் அம்மாள் காது சிவக்க
அதை அடித்துவிட்டு "மருத்துவம்" என்று திருத்தினாள்.
நான் அதை அடித்துவிட்டு
மறுபடி "குடல்" என்று எழுதினேன்.

இப்போது கால அட்டவணையில்
வடக்குக் கடைசி நிறுத்தத்துக்கு
கூடுதலாக நான்கு நிமிடம்.
நான் உள்ளே உட்கார்ந்திருக்கையில்
வெளியே டிராம் விளக்கெரிய நிற்கிறது.
யாரோ கடிகாரத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள்.
டீ குடிக்கப் போயிருப்பாள், என்கிறது ஒரு குரல்.

போன வாரம் கொஞ்சம் ரத்தம் இருந்தது.
செவ்வாய்க்கிழமை காட்ட வேண்டும்.
தண்ணீர் சில்லென்று வருகிறது,
சோப்பை இரண்டு தரம் போடுகிறேன்.
இன்னும் ஒரு நிமிடம் மிச்சம் இருக்கிறது.
அதை யாருக்கும் தருவதாக இல்லை.