வாட்டம்

செட்டிபாளையத்துப் புல்வெளியில்
பாலக்காட்டுக் கணவாய் அனுப்பிய ஆனிக் காற்று
என் தொப்பியைக் கேட்கிறது.

கோல்ஃப் மட்டையைக் கொடுத்தேன்.
மம்முட்டி பிடிப்பதுபோல் பிடித்தான் பூபதி.
"இறுக்காதே, எங்கேயும் ஓடிப்போகாது."
அவன் அம்மாவிடம் என்னைப் பற்றிச் சொல்லச் சொல்லி
நாலு வருடமாய் நான் இறுக்குவது
வேறு கணக்கு.

முதல் வீச்சு: காற்று.
இரண்டாவது: காற்று, கொஞ்சம் மண்.
மூன்றாவதில் ஒரு புல்கட்டி பறந்தது.
பந்து இருந்த இடத்திலேயே.
வேலியோரம் மயிலொன்று அகவியது.
"சிரிக்குதா அம்மிணி?"
இல்லையென்று சொல்லிச் சிரித்தேன்.

தலையைத் தூக்காதே, தோளைத் திருப்பு,
முழங்கை, முழங்கை.
மட்டையைக் கீழே வைத்துவிட்டு
உள்ளங்கையால் புல்லை அழுத்திப் பார்த்தான்.
ஈரம்.
"ஆயிரத்து இருநூறு அடி போட்டும்
எங்க தென்னைக்கு இது இல்லியே."
அதற்குமேல் நான் ஒன்றும் கற்பிக்கவில்லை.

பிறகுதான் பந்து நகர்ந்தது,
நேராகக் கருவேலம் புதருக்கு.
யார்யாரோ தொலைத்த மூன்று பந்துகளோடு வந்தான்,
எங்களுடையது மட்டும் இல்லை.

குழியருகே, நேராகத் தட்டு என்றேன்.
குந்தி உட்கார்ந்தான், ஒரு கண்ணை மூடி,
மடை திறக்குமுன் வயலைப் பார்க்கிற பார்வை.
"தண்ணி உட்டா இப்பிடித்தான் போகும்.
வாட்டம் எடப்பக்கம்."
மெல்லத் தட்டினான்.
வளைந்து, இன்னும் வளைந்து,
குழிக்கு ஒரு விரற்கடை இருக்கையில் நின்றது.

மண்டியிட்டு ஊதினேன். அசையவில்லை.
பந்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:
"ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வர்றியா,
அம்மா இருப்பாங்க."