மணிக்கணக்கு

பாண்டு பேசப் போன அன்று
எலெவூத்தேரியோ டிராக்டருக்கு அடியில் கிடந்தார்.
வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பூட்ஸுகளிடம்தான்
விலை கேட்டோம்.

"மணிக்கு நாலாயிரத்து ஐந்நூறு பெசோ.
பதினாலு பேர் வருவோம்.
மூன்று மணி நேரத்துக்குக் குறைந்தால் வண்டி ஏறமாட்டோம்.
சாப்பாடு உங்களுடையது, பீர் உங்களுடையது.
நேரம் மட்டும் என்னுடையது."

அம்மா பேரம் பேசிப் பார்த்தாள்.
பூட்ஸ் அசையவில்லை.
கடைசியில் மாட்டுத்தீவன ரசீதின் பின்பக்கம்
ஒப்பந்தம் எழுதினோம்.
கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில்
கிரீஸ் பிசுக்கோடு ஒரு பெருவிரல்.

ஒரு ஆள், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி,
விடிய விடிய ஓடுமே என்றான் மாப்பிள்ளை.
என் தங்கை ரொசால்பா பார்த்த பார்வையில்
கல்யாணம் அங்கேயே நின்றிருக்கும்.
ட்யூபா ஊதாத கல்யாணத்தை
பாதிரியாரே நம்பமாட்டார் என்றாள்.

டிசம்பர்.
ஹெரெஸ் முழுக்க இல்லினாய் நம்பர் பிளேட்டுகள்.
வடக்கே போனவர்களில்
காகிதம் உள்ளவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.
எங்கள் அண்ணன் ஃபெர்மீன் போனில் வந்தான்,
சிகாகோவில் ஏதோ ஹோட்டலின் சரக்கறையிலிருந்து,
தலைக்குப் பின்னால் தக்காளி டின்கள் அடுக்கியிருக்க.

ஆறு இருபதுக்கு முதல் ஊதல்.
சோளக்காட்டுக் காக்கைகள் எழுந்து போனவை
அன்றிரவு திரும்பவில்லை.

ஒன்பது இருபதுக்கு,
அப்பா தொப்பியைத் தூக்கிப் போட்டு ஆடிக்கொண்டிருந்தபோது,
பாட்டின் நடுவிலேயே எலெவூத்தேரியோ கையைத் தூக்கினார்.
அவ்வளவுதான். வெட்டினாற்போல் நின்றது.
புழுதி மட்டும் இன்னும் இரண்டு சுற்று ஆடியது.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு மணி நேரம் வாங்கினார்கள்.
விட்டுக்கொடுக்க முடியாமல்
எங்கள் மாமா ஒரு மணி நேரம்
(கடனாக, என்னிடம்).
பதினொன்று இருபதுக்கு மறுபடி கை எழுந்தது.
சாவியைத் தொலைத்தவர்கள் மாதிரி
எல்லோரும் தங்கள் பைகளைத் தடவினார்கள்.

"அம்பாரோ," என்றான் போனுக்குள் இருந்தவன்.
"சுலேமாவிடம் என் சீட்டுப் பணம் இருக்கிறது.
வாங்கிக் கொடு. ஒரு மணி நேரம்."
அது வக்கீலுக்கு வைத்தது என்றேன்.
"வக்கீல் ஊதுவானா?"

எனவே ஆடினேன்,
அண்ணனை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு.
தலைசுற்றுகிறது, மெதுவாகச் சுற்று என்று கத்தினான்.
பிறகு ட்யூபாவுக்கு எதிரே நாற்காலி போட்டு
அவனைச் சாய்த்து வைத்தேன்.
ஒன்பது சதவீதம் சார்ஜ்.
தக்காளி டின்களுக்கு நடுவே அவன் தோள்கள் மட்டும்
மேலும் கீழும் போய்வந்தன.

பன்னிரண்டு ஒன்பதுக்கு போன் செத்தது.

குளிர் ஏறிவிட்டிருந்தது.
குழந்தைகள் கோட்டுகளுக்குள் தூங்கிவிட்டன.
கிளாரினெட்காரப் பையனின் உதடு வெடித்து ரத்தம் தெரிந்தது.
போய் எலெவூத்தேரியோவின் காதில் சொன்னேன்:
அவன் போய்விட்டான், போதும், சாப்பிட வாருங்கள்.

அவர் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார்.
"இன்னும் பதினொரு நிமிடம். அது அவனுடையது."

வாசித்தார்கள்.
ஆட ஆளில்லை.
நாற்காலியில் கறுத்த கண்ணாடித் துண்டு,
அதன் எதிரே பதினாலு பேர்,
பித்தளை வாய்களிலிருந்து ஆவி பறக்க,
ஒரு சுரமும் குறைக்காமல்.
தம்போரா அடி என் விலா எலும்பில் கேட்டது.
ரொசால்பா முக்காட்டால் காதை மூடிக்கொண்டு
அடுப்பங்கரைக்குப் போனாள்.

பன்னிரண்டு இருபது. கை எழுந்தது.
உடனே அவர் கேட்டது
ட்யூபாக்காரனுக்கு இரண்டாவது தட்டு இறைச்சி.

காலையில் சார்ஜ் ஏறியதும் ஒரு செய்தி:
எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள்?
தீவன ரசீதைப் பார்த்து
நிமிடம் பிசகாமல் எழுதி அனுப்பினேன்.

வெகுநேரம் கழித்து பதில் வந்தது.
"சரி. முன்னாலேயே நிறுத்தியிருந்தால்
மிச்சத்தைத் திருப்பிக் கேட்கச் சொல்லலாம் என்றிருந்தேன்."