வேலிக் கீறல்

வண்ணார்பேட்டை பைபாஸில் எங்கள் ஷெட்.
சித்திரை வெயிலுக்குத் தகரம் மேலே படபடக்கும்.
வண்டியை நிழலில் போட்டு
நாலு கதவையும் திறந்து வைத்தால்
முதலில் இறங்குவது வாசனை.
இந்த வண்டியில் திருநீறு, வேர்க்கடலை,
அடியில், ரொம்ப அடியில்,
யாரும் பேர் சொல்லாத ஒன்று.

ஆவுடையப்பன் சார் வண்டி.
டவுனில் பாத்திரக்கடை.
"ஒரிஜினல் லெதர்டே, பாத்துச் செய்யி"
என்றுவிட்டு ஸ்டூலை
என்னிடமிருந்து இரண்டடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

வாக்குவம் குழாய்க்குள் கலகலவென்று ஏறியது
திருச்செந்தூர் மணல்.
பனங்கிழங்கு நார், பாதி மாத்திரை,
இடுக்கில் ஒரு கம்மல் திருகாணி.
அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.
"பானட்ல வையி" என்றார்.

தையலுக்குள் இறுகிய திருநீறு லேசில் விடாது.
பல் துலக்கும் பிரஷ்ஷை
நூலின் போக்கிலேயே நடத்தணும்,
குறுக்கே தேய்த்தால் நூல் பிரிந்துவிடும்.
நுரையைச் சீட்டில் ஊற்றக்கூடாது,
துணியில் எடுத்து ஒற்றணும்.
டீ நிறத்தில் வந்தது அழுக்கு,
ஆறு வருஷத்து முதுகு.

டிரைவர் சீட்டில் மட்டும் பிசுபிசுப்பு.
கேட்டேன்.
"வீட்டுல தேங்காண்ணெ தேச்சுவிட்டா,
வெடிச்சிரக் கூடாதுன்னு."
சனிக்கிழமைதோறுமாம்.
எறும்பு ஏறிய பிறகுதான் நிறுத்தினார்களாம்.
திரும்பி நின்று துணியைப் பிழிந்தேன்,
பிழிய ஒன்றுமில்லாத துணியை.

பின்சீட்டில் இடதுபக்கம் ஒரு கீறல்,
சுண்டுவிரல் நீளத்துக்கு.
"பேரன் பாத்த வேல. அத எடுத்துரு,
எவ்வளவு ஆனாலும் சரி."

நகத்தால் தடவிப் பார்த்தேன்.
புதுக்கீறலுக்கு விளிம்பு எழும்பி நிற்கும்,
உள்ளே சாயமில்லாமல் வெளுத்துக் கிடக்கும்.
இது ஓரம் மழுங்கியது,
சாயம் குழிக்குள்ளும் இறங்கியிருந்தது.
ஜங்ஷன் பாலத்தடியில்
அப்பா செருப்புத் தைக்கப் பக்கத்தில் உட்கார்ந்து
வீட்டுப்பாடம் எழுதினவன் நான்.

"சார், இது போகாது."
"ஏன்?"
"பேரன் கீறினது இல்ல.
மாடு உசுரோட இருக்கையில வேலி கீறினது.
ஆறின தழும்பு.
நீங்க சொன்னது சரிதான், ஒரிஜினல்."

ஒரு லாரி போனது. இன்னொன்று போனது.
"மாடு" என்றார். கேள்வி மாதிரி இல்லை.
எழுந்து நின்று
சட்டையின் முதுகை இழுத்து விட்டுக்கொண்டார்.

பன்னிரண்டாம் வகுப்பில்
தமிழில் மட்டும் எனக்கு நல்ல மார்க்.
ஆ என்றால் பசு. உடை எல்லோருக்கும் தெரியும்.
இரண்டும் சேர்ந்தால்
சாமி வீற்றிருக்கிற பீடம்.
நுனிநாக்குவரை வந்ததை
ஒருதரம் உருட்டி விழுங்கினேன்.
கூலி ஆயிரத்து ஐந்நூறு.

அப்புறம் கிரீம்.
விரலால்தான் போடுவேன், கைச்சூட்டில் இளகும்.
சின்னச் சின்ன வட்டமாய்,
தோல் குடிக்கிற வரைக்கும்.
காய்ந்த இடம் கூடுதலாய்க் குடிக்கும்.
தழும்புக்கு இரண்டு தரம் போட்டேன்,
யாரும் சொல்லாமல்.
இருபது நிமிஷம் ஊறவிட்டு
உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு.
மினுங்கக் கூடாது.
மினுங்குவது ரெக்ஸின்.

பணத்தைப் போனில் அனுப்பினார்.
ஷெட் மூலைப் பெட்டி
ஊருக்கே கேட்கிற மாதிரி தொகையைச் சொல்லிற்று.

ஆனிச் சாரலில் திரும்பவும் வந்தது வண்டி.
சீட்டுகளின் மேல் பூப்போட்ட டவல்,
நழுவாமலிருக்க ஊக்குக் குத்தி.
"வேர்வைக்கு" என்றார்,
நான் எதுவும் கேட்கவில்லை.

ஒவ்வொன்றாய்க் கழற்றினேன்.
தோலில் பொடிப்பொடியாய் ஓட்டை.
மாட்டோடு இருந்திருந்தால் ஒரு வாரத்தில் மூடியிருக்கும்.
எண்ணி
பானட்டில் வைத்தேன்,
பதினொரு ஊக்கு.