இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

விக்டோரியா அரங்கின் பின்கூண்டில்
என் வேலை ஒரு பொத்தான்.
அவர் ஜப்பானியத்தில் வாய்திறக்க, நான் அழுத்த,
மேடைக்கு மேலே ஆங்கிலம் வந்து நிற்கும்.

குரமோச்சி தெய்ஜி. வயது எண்பத்து மூன்று.
முதல் படத்தில் பிணம்.
ஆற்றுச் சேற்றில் குப்புறக் கிடந்ததற்கு
ஒரு கிண்ணம் நூடுல்ஸ், பஸ் காசு.
பிறகு மூன்றாவது சிப்பாய், இரண்டாவது திருடன்.
பெயருள்ள வேடம் கிடைக்கப் பதினொரு வருடம்.
கதாநாயகனாய் ஆறே படம்.
அப்புறம் அப்பா, நீதிபதி,
மருந்து விளம்பரத்தில் இருமுகிறவர்.
இடையிடையே மேடை. எப்போதும் மேடை.

மூச்சு எங்கே முறிகிறது என்று பழக
இருபத்தேழு படம் பார்த்தேன்.
பத்தொன்பதில் சாகிறார்.
ஒன்றில், சிங்கப்பூரில்.
கியோத்தோ ஸ்டூடியோவில் போட்ட சிங்கப்பூர்:
காகிதத் தென்னை, அட்டைக் கப்பல்,
கொளுத்தும் வெயிலில் சாகிறவன் வாயில்
குளிர்காலப் புகை.
தாத்தாவின் தம்பி ஒருவர்
சயாம் ரயில் போடப் போய்த் திரும்பவில்லை, எங்கள் வீட்டில்.
படத்தை அங்கேயே நிறுத்திவிட்டுத் தேநீர் போடப் போனேன்.
திரும்பி வந்தபோதும்
அவர் செத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் இரவு.
'கதவைச் சாத்தாதே, அவள் வரக்கூடும்.'
அழுத்திவிட்டேன். எழுத்து மேலே வந்துவிட்டது,
சொல் கீழே வரவில்லை.
ஐந்நூறு பேர் படித்து முடித்ததை
அவர் மட்டும் தேடிக்கொண்டிருந்தார்.
ஹெட்செட்டில் ரஷிதா: "எடு, எடுத்துடு."
எடுத்தேன்.
ஏசி ஓடுவது கேட்டது.

கை மறக்கவில்லை.
அது தானாகக் கதவுக்குப் போய்
இரண்டு விரல் அகலம் திறந்து வைத்தது.
அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், அவரும் எங்களைப் போல.
பிறகு அடுத்த வரியிலிருந்து பேசினார்.

மறுநாள் விமர்சகர் அந்த மௌனத்துக்கு
ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்.
மூன்றாம் இரவு அவர் சரியாகச் சொன்னார்,
நான்தான் மௌனத்துக்குக் காத்திருந்து
இரண்டு நொடி பிந்தினேன்.

பதினொரு மணிக்குக் கலைஞர் வாசலில்
கழுத்தைத் துடைத்தபடி ஏதோ கேட்டார்.
நவோமி மொழிபெயர்த்தாள்:
"இரவிலுமா இந்தப் புழுக்கம்?"
ஆமாம் என்றேன்.
"அன்றைக்கு யாரும் சொல்லவில்லை."

ஆற்றோரத் தென்னை ஒன்றின் அருகே போய்
விரல் மடக்கி, கதவைத் தட்டுவதுபோல
இருமுறை தட்டினார்.
காதை வைத்துக் கேட்டார்.
பிறகு வேன் வந்தது.