ஐந்தாம் தலைமுறை

பெட்டியில் பதினாலாயிரம் என்று போட்டிருந்தது.
செக்கனுக்கு அத்தனை மெகாபைட்.
என்னுடைய பழையது ஏழாயிரம்.
பழையது என்று சொல்ல வாய் கூசுகிறது,
வாங்கி இரண்டு குளிர்காலம் முடியவில்லை,
நான்காம் தலைமுறை.
எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறை முடிய
நூறு வருஷமும் ஒரு காணி வழக்கும் பிடித்தன.

முந்நூற்றுப் பத்தொன்பது டொலர், வரி புறம்பு.
மில்வுட்ஸ் கடையில் ரொமேல்
கண்ணாடி அலுமாரியைத் திறக்கமுன் கேட்டான்:
"இதைப் போட்டு என்ன செய்யப் போகிறாய்?"
கலியாண வீடியோ வெட்டுகிறேன் என்றேன்,
சாமத்தியச் சடங்கு, அறுபதாம் கலியாணம்,
போன சனி உங்கள் ஆட்களின் ஞானஸ்நானம்கூட.
அவன் தோளைக் குலுக்கினான்.
விற்பவனே தோளைக் குலுக்கினால்
அங்கேயே திரும்பியிருக்க வேண்டும்.

திரும்பவில்லை.

எட்மன்டன் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
இரவில் காருக்கு வயர் கொடுத்தால்தான் காலையில் எழும்பும்.
உள்ளே, சூயிங்கம் அளவு வட்டு
எண்பத்து நாலு பாகையில் கொதித்து
தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது.
அதன் தலையில் வைக்க ஒரு விசிறி வாங்கினேன், முப்பது டொலர்.
விசிறி இரைந்தது.
ஹீட்டர் பழுதா என்று
மேலேயிருந்து கேட்டான் அபிநயன்.

கையேட்டின் எழுபத்தாறாம் பக்கத்தில், பொடி எழுத்தில்:
இந்தத் துளையில் வட்டைச் செருகினால்
கிராபிக்ஸ் கார்டின் பாதையில் பாதி போய்விடும்.
வலது கைக்குக் காப்புப் போட
இடது கையில் கழற்றியிருக்கிறேன்.

போனில் செக்கன் எண்ணினேன்.
நளாயினி அக்கா மகளின் கலியாணம்:
நாலு கமரா, ஒரு ட்ரோன், எழுநூற்றுப் பன்னிரண்டு துண்டு.
பழையதில் திறக்கப் பதினொரு செக்கன்.
புதியதில் பத்து.
விரல் பிந்தியிருக்கும் என்று மறுபடி அமர்த்தினேன்.
பத்துப் புள்ளி நாலு.

பெரிய கோப்பு ஒன்றைப் பிரதி எடுக்கும்போது மட்டும்
பச்சைக் கோடு கண் வெட்டமுன் ஓடி முடிந்தது.
தேவையில்லாத கோப்பு.
அழித்தேன், திரும்பவும் பிரதி எடுத்தேன்,
இன்னொரு தரமும்.
பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது.

துவாரகன் சோற்றுக்கோப்பையோடு வந்து கணக்குப் பார்த்தார்.
நாளுக்கு இருபது தரம் திறந்தால் மிச்சம் பன்னிரண்டு செக்கன்,
வருஷத்துக்கு ஒரு மணித்தியாலமும் பதின்மூன்று நிமிடமும்.
"உன் கூலிக்கு ஒன்பது வருஷத்தில் காசு திரும்பும்."
அதற்குள் எத்தனையாம் தலைமுறை என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தாலி ஏறும் நேரம்
மாப்பிள்ளையின் கை நடுங்கிய துண்டை வைப்பதா,
பின்வரிசையில் தகப்பன்
முகத்தை மற்றப் பக்கம் திருப்பிய துண்டை வைப்பதா?
எனக்கு மூன்று இரவு போனது.
எந்தத் துளையில் எதைச் செருகினாலும்
அது மூன்று இரவுதான்.
பாட்டுத் தெரிவு அனுப்புகிறேன் என்று
நளாயினி அக்கா சொல்லி நாலு மாதம்.
செக்கனுக்குப் பதினாலாயிரம்
செருப்பைப் போட்டபடி
வாசலில் நிற்கிறது.

பதினைந்து நாளுக்குள் திருப்பலாம் என்றது பற்றுச்சீட்டு.
பதினாலாம் நாள் போனேன்.
ரொமேல் பெட்டியைத் திறந்து பார்த்தான், மூடினான்,
இந்த முறை தோளைக் குலுக்கவில்லை.

அந்தக் காசோடு நாற்பது டொலர் கூடப் போட்டு
சுழலுகிற பழைய வகையில் ஒன்று எடுத்தேன்,
பதினாலு டெராபைட், செங்கல் பாரம்,
வேலை செய்யும்போது பாக்கு வெட்டுகிற சத்தம்.
இடமில்லை என்று மாசம் மாசம் நான் அழித்தவை
இனி அதற்குள் கிடக்கட்டும்.
தகப்பனின் முகத்தை முதலில் போட்டேன்.
ஆறுதலாகத்தான் ஏறியது.
நான் போய்ப் பாத்திரம் கழுவிவிட்டு வந்தேன்.

விசிறியைத் திருப்பிக் கொடுக்க மறந்துபோனேன்.
மேசையில் இருக்கிறது.
தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன்,
சரிகிறது.