மூன்றாம் எண் விசிறியின் இடப்பக்கம்

கங்கைகொண்டானுக்குக் கிழக்கே
கல்லை அரைத்துச் சுட்டுச் சிமெண்டாக்கும் ஆலையில்
எனக்கு வேலை, கோடுகளைப் பார்ப்பது.

அறுபத்து நாலு கோடுகள்.
ஒவ்வொன்றின் மறுமுனையிலும்
ஏதோவொரு பேரிங்கின் முதுகில்
கட்டைவிரல் பருமனில் ஒரு சென்சார் ஒட்டியிருக்கும்.
இரவு ஷிப்டில் ஏசிக் குளிருக்குத்
துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு பார்ப்பேன்.

"பிசகு ஏதும் உண்டா ஜெபக்கனி?"
காலையில் கேட்பார் மேலாளர்.
"இல்லை சார்" என்பதுதான்
இரண்டு வருஷமாக என் உற்பத்தி.
அதை மூட்டை போட்டு லாரியில் ஏற்ற முடியாது.

ஒருநாள் பதினேழாம் கோடு
சட்டென்று படுத்துவிட்டது.
அதிர்வு பூஜ்யம்.
ஓடுகிற யந்திரத்துக்குப் பூஜ்யம் ஏது?
டார்ச்சோடு ஓடினேன்.
மில் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.
வயரைக் கடித்து வைத்திருந்தது ஓர் அணில்.
அன்றிலிருந்து ஏறுகிற கோட்டைவிட
அசையாத கோட்டுக்குத்தான் பயம்.
போனில் அம்மா
"நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒரே சுருதியில் சொன்னால்
அடுத்த பஸ்ஸில் டோனாவூருக்குப் போய்விடுகிறேன்.

மாசியில் மூன்றாம் எண் விசிறி பேச ஆரம்பித்தது.
சூளைப்புகையை உறிஞ்சும் ராட்சச விசிறி.
இடப்பக்கப் பேரிங்.
மொத்த அதிர்வு பச்சையில்தான் இருந்தது.
அலைவரிசைகளாகப் பிரித்துப் போட்டால் மட்டும்
நூற்று நாற்பத்தேழில் ஒரு முள்.
மறுவாரம் அதற்கு இருபுறமும் குட்டி முட்கள்,
உடைமரக் கிளை மாதிரி.

எட்டு மணி நேரம் நிறுத்தித் தாருங்கள் என்று எழுதினேன்.
மார்ச் கணக்கு முடியட்டும் என்றார்கள்.
மறுபடி எழுதினேன்.
கிரீஸ் கொஞ்சம் கூட வைக்கச் சொன்னார்கள்.
மூன்றாம் முறை
நான் எழுதிய 'கட்டாயம்' என்ற சொல்லை
யாரோ 'வாய்ப்புண்டு' என்று மாற்றி மேலே அனுப்பியிருந்தார்கள்.

பங்குனியில் ஓர் இரவு கோடை இடி.
கயத்தாற்றுப் பக்கம் எங்கோ கம்பி அறுந்து
ஆலை முழுதும் கரண்ட் போனது.
சூளையை மட்டும் டீசலில்
மெல்ல உருட்டிக்கொண்டிருந்தார்கள்.
நான் போய் ஃபிட்டர் வண்டிமறிச்சானை எழுப்பினேன்.
"அண்ணே, இப்பம் திறந்துரலாமா?"
பெர்மிட்டில் கையெழுத்து வாங்கி,
சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு,
சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

விடியப் போகிற நேரம்.
வெளிவளையத்தைச் சாக்கில் துடைத்து நீட்டினார்.
பளபளவென்று இருந்தது.
எனக்கு வயிறு கலங்கியது.
"நகத்த வச்சுப் பாருங்க."
வைத்தேன். ஓரிடத்தில் இடறியது.
எள்ளில் பாதி.
"இதுக்காம்மா ஒன்றர மாசமா ஒறக்கமில்லாம அலைஞ்சிய?"
"ஆமாண்ணே, இதுக்குத்தான்."
சிரித்தோம்.
அப்புறம் அவர் உறைக்கதவு வழியே
விசிறியின் இலைகளை டார்ச்சடித்துப் பார்த்தார்.
ஒவ்வொன்றும் ஆளுயரம்.
அதற்குக் கீழேதான்
தூசி அள்ளும் இசக்கியம்மாளும் கூட ஐந்து பேரும்
பத்து மணிக்குத் தூக்குவாளி திறப்பார்கள்.
அந்தப் பக்கம் நிழல் அங்கே மட்டும்தான்.

புதுசு மாட்டியாயிற்று. காலையில் மேலாளர்
பழைய வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது இன்னும் கொஞ்சநாள் ஓடியிருக்கும்லா?"
ஓடியிருக்கலாம்.
எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது.
அது தெரியாமலே போகத்தான் சம்பளம் வாங்குகிறேன்
என்று சொல்ல வந்து
"ஆமா சார்" என்றேன்.

வளையம் இப்போது என் மேசையில்,
ஏசிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க.
புதுப் பேரிங் கணினிக்கு இன்னும் பழகவில்லை.
எது அதன் இயல்பு என்று படிக்க ஏழு நாள் கேட்கிறது.
அதுவரை அலாரம் அடிக்காது.
இன்று மூன்றாம் நாள், பகல் ஷிப்ட்.
பிளாஸ்கில் டீ இருக்கிறது.
கீழே இசக்கியம்மாள்
யாரையோ சத்தம் போட்டுச் சாப்பிடக் கூப்பிடுகிறாள்.
கோடு ஒன்று புள்ளி ஒன்றில்
நடுங்கிக்கொண்டே போகிறது.
நடுங்கட்டும்.