பொருத்தம்

கல்யாணம், சாமத்தியவீடு, செத்தவீடு
மூன்றுக்கும் என்னிடம் ஒரே முக்காலிதான்.
காலில் கட்டியிருந்த மஞ்சள் துணியை
காருக்குள்ளேயே அவிழ்த்துவிட்டு இறங்கினேன்.
ஸ்காபரோ. மாசி மாதம். மைனஸ் இருபத்திரண்டு.

குலேந்திரன் அண்ணை
முப்பத்தொரு வருசம் பியர்சன் விமான நிலையத்துக்கு
டாக்ஸி ஓட்டினவர்.
இன்றைக்கு ஒருவரையும் ஏற்றாமல் படுத்திருந்தார்.
நேரலையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்:
லண்டனில் தம்பிமார், டோர்ட்முண்டில் தங்கச்சி,
விசா கிடைக்காத தமையன் கரவெட்டியில்.

"அப்பாவுக்கு அந்தப் பாட்டைப் போடுங்கோ"
என்றாள் சாம்பவி.
போட்டோம்.
பெட்டியை மூடக் கை வைக்கிறார்கள்,
பாட்டு இன்னும் சரணத்துக்கு வரவில்லை,
திரை கறுத்துப்போனது.

இந்த ஒளிபரப்பில்
வேறொருவருக்கு உரிமையான இசை உள்ளது.

கரவெட்டியிலிருந்து அழைப்பு:
"தம்பி, அங்கையும் கரண்ட் போறதோ?"

இரவு பதினொரு மணி. படிவம்.
நீங்கள் உரிமையாளரா? இல்லை.
அனுமதிக் கடிதம்? இல்லை.
ஆட்சேபத்துக்கான காரணம்:
'இறந்தவருக்குப் பிடித்த பாட்டு' என்று எழுதி
அழித்தேன்.
'இதில் ஒருவருக்கும் ஒரு சதம் வருமானமில்லை' என்று எழுதினேன்.
முந்நூற்றைம்பது டொலர் என் சட்டைப்பையில் கிடந்தது.
அதையும் அழித்தேன்.

கம்பனி செய்தது அநியாயமென்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
நான் எடுத்த மணவறைக் காட்சியை
மிசிசாகாவில் ஒருத்தன் தன் பெயரில் போட்டபோது
இதே படிவத்தை
மற்றப் பக்கத்திலிருந்து நிரப்பினவன் நான்.
அந்தப் பாட்டுக்கு வயலின் பிடித்தவர்களின் வீட்டிலும்
அடுப்பு எரிந்திருக்கும்தானே.

ஒலியை நீக்கு என்றது ஒரு பொத்தான்.
நாலாம் நிமிடத்திலிருந்து ஆறேமுக்கால் வரை
பாட்டோடு சாம்பவியின் அழுகையும் போகும்.
எதிலே எது முடிகிறதென்று
இயந்திரத்துக்குப் பிரிக்கத் தெரியாது.
ஹெட்ஃபோனை மாட்டி ஆறு தரம் கேட்டேன்,
எனக்கும் தெரியவில்லை.

மாற்று இசை சேர் என்றது அடுத்தது.
இலவசமாம்.
'இளங்காலை - 3.'
'அலுவலக உற்சாகம்.'
லப்டொப்பை மூடிவிட்டுத் தேத்தண்ணி போட்டேன்.

பவளராணி அக்காவிடம் கேட்டேன்,
அவருடைய குரல் ஏதாவது கிடக்குதோ என்று.
விடியப்புறம் ஒரு வாட்ஸ்அப் பதிவு வந்தது.
மூன்றாம் டெர்மினலில் வரிசையில் நிற்கிறார்.
மழை. வைப்பர் தாளம்.
"பிளைட் லேட்டு, நீ சாப்பிட்டுப் படு" என்கிறார்.
பிறகு, போனை நிறுத்த மறந்து,
அதே பாட்டைப் பாடத் தொடங்குகிறார்.

சுருதி வடக்கே போனால் அவர் கிழக்கே.
இரண்டாம் வரி முதலில் வருகிறது,
மூன்றாம் வரி வருவதே இல்லை.
தெரியாத இடங்களில் 'தன்னானே'
தும்மல் ஒன்று
பின்னால் யாரோ அடித்த ஹோர்னுக்கு ஒரு தூஷணம்
(அதை மட்டும் வெட்டினேன்)
மறுபடி பல்லவி.

அழுகை போனது போனதுதான்.
அந்த இடத்தில் இதை வைத்து
புதிதாக ஏற்றினேன்.
சரிபார்க்கிறது என்றது.
சரிபார்க்கிறது.
யன்னலுக்கு வெளியே உப்பு லொறி
ஒருதரம் போய்த் திரும்பியும் வந்துவிட்டது.

பொருத்தம் எதுவும் இல்லை.

நான் படம்பிடிக்கிற வீடுகளில்
இந்தச் சொல்லைக் கேட்டால்
தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவார்கள்.
நான் இருந்த இடத்தில் கைதட்டினேன்.

அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, செத்தவீடு நடந்து ஒருநாள்கூட ஆகாத வீட்டில்,
சிரித்தார்.
"முப்பது வருசமாச் சொல்லுறன் தம்பி,
அது அந்தப் பாட்டே இல்லையெண்டு."

கரவெட்டியில் தெரிகிறதாம் இப்போது.
நாலாம் நிமிடத்தில்
வைப்பர் அடிக்கத் தொடங்குகிறது,
பெட்டி மூடுகிறது.